அழித்து எழுதாத அளவீடு

அலுமினியம் இலேசானது, ஆனால் மென்மையானது. அதற்கு வலுவேற்ற முயன்ற ஜெர்மானியர் ஆல்பிரட் வில்ம், 1906இல் 4 விழுக்காடு செம்பும் சிறிது மக்னீசியமும் கலந்த துண்டைச் சூடேற்றி, நீரில் தோய்த்து, கடினத்தை அளந்தார். இரண்டு நாள் கழித்து அளந்தால் கடினம் கூடியிருந்தது! கருவிக் கோளாறென்று அவர் தள்ளிவிடவில்லை. மீண்டும் மீண்டும் சோதித்தார். அப்படிப் பிறந்ததே டூராலுமின். 1919இல் பறந்த யுங்கர்ஸ் எஃப் 13 விமானத்தின் உடல் அந்த உலோகக் கலவைதான். கலவைக்குள் செம்பணுக்கள் நுண்திரளாகச் சேர்ந்து வலுவூட்டுவதை எக்ஸ் கதிர் காட்டியதோ 1938இல்!

புதிய உலோகக் கலவைகள் இங்கேயும் பிறக்க வேண்டும் என்று மேடையில் முழங்கும் நாம், செய்முறை வகுப்பில் என்ன செய்கிறோம்? விடை ஒத்துவராவிட்டால் அளவீட்டை மாற்றி ரெக்கார்டு நோட்டை முடிக்கிறோம். நானும் செய்திருக்கிறேன். ஒத்துவராத அளவீட்டுக்கும் மதிப்பெண் உண்டென்று பேராசிரியர்கள் சொல்லட்டும். ரப்பரைக் கீழே வைத்துவிடுகிறோம்.