பகிர்ந்த பிறகு என்ன?

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போராட்டம் என்றால் கட்டைவிரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான் என்று மேடைகளில் பேசுவது வழக்கமாகிவிட்டது. கைதட்டலும் கிடைக்கிறது. நமக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு காணொளியைப் பார்த்து மனம் கொதிக்கும் பதினேழு வயதுப் பெண்ணை நாம் குறை சொல்ல மாட்டோம். அந்தக் கொதிப்பை வாங்கிக்கொண்டவர்கள் அவளுக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்றுதான் கேட்போம். வைரல் பிரச்சாரங்கள் இளைஞர்களைச் சமூகநீதியின் பக்கம் கொண்டுவருகின்றனவா என்ற விவாதத்தில் நம் நிலைப்பாடு இதுதான்.

இந்த விவாதத்துக்கு 2012இல் ஒரு பெரிய உதாரணம் கிடைத்தது. வடக்கு உகாண்டாவில் சிறுவர்களைக் கடத்திக் கையில் துப்பாக்கி கொடுத்த ஜோசப் கோனிக்கு எதிராக, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2005இலேயே பிடியாணை பிறப்பித்திருந்தது. 'இன்விசிபிள் சில்ட்ரன்' என்ற அமெரிக்க அமைப்பு 2012 மார்ச் 5 அன்று 'கோனி 2012' என்ற அரைமணி நேரப் படத்தை இணையத்தில் ஏற்றியது. ஆறே நாளில் 10 கோடிப் பார்வைகள். கைப்பட்டையும் சுவரொட்டிகளும் அடங்கிய பெட்டியை 30 டாலருக்கு வாங்குங்கள், ஏப்ரல் 20 இரவு உங்கள் ஊர்ச் சுவர்களையெல்லாம் கோனியின் முகத்தால் நிரப்புங்கள் என்று அழைப்பு விடுத்தார்கள். அந்த இரவும் வந்தது. சிட்னியிலும் வான்கூவரிலும் ஆயிரக்கணக்கானோர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வந்து நின்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இதைச் சொல்லி இளைஞர்களை ஏளனம் செய்வோர், அதே அமைப்பின் கதையில் இரண்டு ஆண்டு பின்னால் போய்ப் பார்ப்பதில்லை. கோனியின் படையை ஒடுக்கவும் வடக்கு உகாண்டாவைச் சீரமைக்கவும் வகைசெய்யும் மசோதா ஒன்று 2010இல் அமெரிக்க செனட்டில் முடங்கிக் கிடந்தது. செலவுக்குப் பணம் எங்கே என்று கேட்டு அதை நிறுத்தி வைத்திருந்தவர் ஓக்லஹோமா மாநில செனட்டர் டாம் கோபர்ன். ஓக்லஹோமா நகரில் அவருடைய அலுவலக வாசலில் இளைஞர்கள் சிலர் போய் உட்கார்ந்தார்கள். குளிர்காலம். பதினோரு நாள் இரவும் பகலும் அங்கேயே கிடந்தார்கள். கடைசியில் கோபர்ன் இறங்கி வந்தார். மே மாதம் அது சட்டமானது. அடுத்த ஆண்டு ஏறத்தாழ நூறு அமெரிக்கப் படையாலோசகர்கள் மத்திய ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள். எந்தத் துயரத்துக்கும் அமெரிக்க ராணுவமே மருந்து என்று நினைப்பதில் நமக்குக் கடுமையான மறுப்பு உண்டு. ஆனால் அந்த இளைஞர்களின் உறுதியை யார் மறுக்க முடியும்?

இவர்களும் அதே தலைமுறைதான், அதே கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள்தான். பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் ஆண்டுக்கணக்கில் படங்களைத் திரையிட்டு, முகம் பார்த்துப் பேசி அந்த அமைப்பு சேர்த்த கூட்டம் அது. 2012 படத்தை முதலில் பரப்பியவர்களில் பலரும் ஓக்லஹோமா, பர்மிங்காம், இண்டியானாபொலிஸ் போன்ற ஊர்களில் இப்படி ஏற்கெனவே இணைந்திருந்தவர்கள் என்பதை ட்விட்டர் தரவுகளை ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். தெருவில் பதினோரு நாள் கிட என்று கேட்டபோது கிடந்தார்கள். பெட்டி வாங்கு, சுவரொட்டி ஒட்டு என்று மட்டும் கேட்டபோது தெருவுக்கு வந்தவர்கள் சிலரே. கேட்டது சிறிது, கிடைத்ததும் சிறிது.

இதைவிடப் பெரிய பிழை ஒன்றும் நடந்தது. படம் வெளியான மறுவாரம், வடக்கு உகாண்டாவின் லிரா நகரில் உள்ளூர் அமைப்பு ஒன்று திறந்தவெளியில் திரை கட்டி அதைப் போட்டுக் காட்டியது. ஆயிரக்கணக்கில் மக்கள் வந்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள், கோனியின் படையால் உறுப்புகளை இழந்தவர்கள். இணைய வசதி இல்லாத அவர்களில் பெரும்பாலோருக்கு, உலகமே பார்த்துவிட்ட படம் அன்றுதான் கண்ணில் படுகிறது. தங்கள் கதை வரும் என்று காத்திருந்தார்கள். திரையில் நீண்ட நேரம் தெரிந்ததோ அமெரிக்க இயக்குநரும் அவருடைய சின்ன மகனும். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது, பிறகு கூச்சல், பிறகு கற்கள் பறந்தன. திரையிடல் குழப்பத்தில் முடிந்தது. எங்கள் பிள்ளைகளைக் கொன்றவன் பெயரைப் பனியனில் போட்டுக்கொண்டு திரிவதா என்று அவர்கள் கேட்டார்கள்.

கோனி உகாண்டாவை விட்டுப் போய் அப்போது ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. காட்டிலிருந்து மீண்டு வந்த பிள்ளைகளுக்கு அன்றைய தேவை படிப்பும் பிழைப்பும். கிட்கும், பாடர் பகுதிகளில் குழந்தைகள் தலை துவண்டு துவண்டு விழும் விநோத நோய் பரவிக்கொண்டிருந்தது, காரணம் பிடிபடவில்லை. உகாண்டாப் பத்திரிகையாளர்கள் இதையெல்லாம் எடுத்துச் சொன்னார்கள். அதற்கு 10 கோடிப் பார்வைகள் கிடைக்கவில்லை. துயரப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்காமல் அவருக்காகக் கொந்தளிப்பது அவருடைய குரலைப் பறிப்பதில்தான் போய் முடியும்.

எண்ணிக்கையைக் கண்டு மயங்குவோருக்கு வேறு சான்றுகளும் உண்டு. சூடானின் டார்ஃபர் மக்களுக்காக ஃபேஸ்புக்கில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரு குழுவில் சேர்ந்தார்கள். அவர்களில் 99 விழுக்காட்டுக்கும் மேலானோர் ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை என்று 2014இல் வந்த ஆய்வு சொன்னது. அதே ஆண்டில் கனடா ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை முடிவு இன்னும் யோசிக்க வைப்பது: ஊரறிய ஆதரவுச் சின்னம் அணிந்தவர்களைவிட, யாருக்கும் காட்டாமல் ஆதரித்தவர்களே பிறகு மெய்யான உதவிக்கு அதிகமாக முன்வந்தார்கள். நாலு பேர் பார்த்துவிட்டால் கடமை முடிந்துவிட்டதாக மனம் கணக்கை மூடிவிடுகிறது.

நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. 2017 ஜனவரியில் வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் அழைக்க, ஜல்லிக்கட்டுக்காகச் சென்னை மெரினாவில் லட்சக்கணக்கில் இளைஞர்கள் கூடினார்கள். கடற்கரைக் குப்பத்து மக்கள் அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்தார்கள். 23ஆம் தேதி காவல்துறை தடியுடன் வந்தபோது பிள்ளைகள் ஓடி ஒளிந்ததும் அந்தக் குப்பங்களில்தான். அன்று மாலை சட்டமன்றத்தில் ஜல்லிக்கட்டுச் சட்டம் நிறைவேறியது. அதே நாளில் நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்து கிடந்தது. வழக்கறிஞர்களும் மனித உரிமை அமைப்பினரும் போனார்கள், விசாரணை கேட்டார்கள். காளைக்காகத் திரண்டவர்களில் எத்தனை பேர், சோறு போட்ட மீன்காரப் பெண்களுக்காகத் திரும்பி வந்தார்கள்? வரச் சொல்லி அழைக்க அன்று அவர்களிடையே ஓர் அமைப்பு இல்லை. இழப்பு அங்கேதான்.

ஆகவே, பிரச்சாரம் செய்வோரிடம் நாம் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறோம். உங்கள் காணொளியை உலகத்துக்குக் காட்டும் முன், அது யாரைப் பற்றியதோ அவர்களுக்குக் காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்பதை வெட்டுங்கள். அடுத்து, பார்ப்பவருக்கு நாள் குறித்து ஒரு வேலை கொடுங்கள். கழிவுநீர்த் தொட்டியில் தொழிலாளி இறந்த படம் ஒன்று பரவுகிறதென்றால், 2013ஆம் ஆண்டின் மனிதக் கழிவகற்றும் பணித் தடைச் சட்டத்தின்படி வழக்குப் பதிவானதா, உச்ச நீதிமன்றம் 2023இல் உயர்த்திய 30 லட்சம் ரூபாய் இழப்பீடு குடும்பத்தின் கைக்கு வந்ததா என்று கேட்கச் சொல்லுங்கள். தகவல் உரிமை மனு எழுதக் கற்றுக்கொடுங்கள். தீர்ப்பு வரும்வரை வழக்கைப் பின்தொடரச் சொல்லுங்கள்.

இயக்கங்களுக்கும் சங்கங்களுக்கும் ஒரு சொல். கொதிப்போடு வாசலுக்கு வரும் பிள்ளையை நாற்காலி அடுக்கவும் கொடி பிடிக்கவும் மட்டும் வைத்துக்கொண்டால், அவள் மறுபடி திரைக்கே திரும்பிப் போவாள். அவளைக் கூட்டத்தில் பேச விடுங்கள், முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வையுங்கள். அநியாயத்தைக் கண்டு துடிக்கும் மனம் இந்தத் தலைமுறையிடம் நிறையவே இருக்கிறது. பதினோரு நாள் தெருவில் கிடக்கவும் அது தயார். அதை நம்பிப் பெரிய வேலையைக் கேட்கும் துணிவு மூத்தவர்களாகிய நமக்குத்தான் வர வேண்டும்.