கொக்கின் பொறுமையும் வாத்தின் கோபமும்

பழவேற்காடு ஏரியில் பூநாரை இரை தேடும்போது கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்துச் சேற்றை அலசும். கூழைக்கடா மீனை அள்ளியவுடன் விழுங்கிவிடாது. பையில் புகுந்த தண்ணீர் வடியும்வரை அலகைத் தாழ்த்திக் காத்திருக்கும். அந்தச் சிறு தாமதத்தில் சிரிப்பு ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்து ஒரே கட்டத்தில் நிறுத்தத் தெரிந்த சிலர், அமெரிக்காவின் அனிமேஷன் கூடங்களிலிருந்து படக்கதைக்கு வந்தார்கள். அவர்கள் வரைந்த பழைய விலங்குக் காமிக்ஸைப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்காமல், உற்றுப் பார்க்கும் கலையாக மதிக்க வேண்டும். பழவேற்காட்டின் மீனவ ஊர்களான கூனங்குப்பத்திலும் லைட்ஹவுஸ் குப்பத்திலும் பறவைகளைத் தினமும் பார்த்து வளரும் பிள்ளைகளை அவற்றுக்கு மிகப் பொருத்தமான வாசகர்கள் என்பேன்.

கார்ல் பார்க்ஸ் 1935-இல் டிஸ்னியில் சேர்ந்தபோது கிடைத்தது கடைநிலை வேலை: ஓர் அசைவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே வரும் படங்களை நிரப்புவது. பிறகு கதைப் பிரிவில் காட்சிகளைச் சிறு ஓவியங்களாக வரிசைப்படுத்தினார். 1942-இல் வெளியேறி டொனால்ட் டக் படக்கதைகளில் இறங்கினார். 1947-இல் டொனால்டின் மாமா ஸ்குரூஜைப் படைத்தார். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடும். தாளில் அத்தனைக்கும் ஈடாக ஒரே ஒரு கட்டம்தான். எந்தக் கணத்தை வைப்பது, எதை விடுவது என்பதை அறிய அந்த நடுப்படங்களை வரைந்த கை வேண்டும். அதனால்தான் பார்க்ஸின் வாத்து கோபப்பட்டால் முகம் மட்டும் சுளிப்பதில்லை. உடம்பு முழுக்கக் கோபப்படுகிறது. 1936 முதல் 1941 வரை டிஸ்னியில் இருந்த வால்ட் கெல்லியோ, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஒகெஃபெனோகீ சதுப்பு நிலத்தையே தன் ‘போகோ’ படக்கதையின் களமாக்கினார். அங்கே முதலை படகில் சாய்ந்திருந்தால் படகும் அதற்கேற்பச் சாய்ந்திருக்கும். ஓடத்தில் ஏறி இறங்கிப் பழகியவருக்கு இந்த எடைக்கணக்கை விளக்கத் தேவையில்லை.

நமக்குப் பஞ்சதந்திரம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, மீன்களை ஏமாற்றிய கொக்கும் அதன் கழுத்தை நெரித்த நண்டும் ஏரிக்கரைக்கே எழுதிய கதை போலத்தான் தோன்றும். ஆனால் அங்கே கொக்கு ஒரு வேடம். கபடம் பேசும் மனிதனைக் கொக்காக்கியிருக்கிறார்கள். அசையாமல் நிற்கும் உண்மையான கொக்கின் பொறுமையை அந்தக் கபடத்தோடு சேர்த்துக் காட்டுவது ஓவியரின் வேலை. ‘பூந்தளிர்’ இதழில் வந்த காக்கை காளி கதைகளைத் தமிழ்ப் பிள்ளைகள் விரும்பிப் படித்ததற்கு, அந்தக் காகம் புத்தியோடு கொஞ்சம் காகமாகவும் இருந்தது ஒரு காரணம். சிவகாசியின் ‘மினி லயன்’ காமிக்ஸ் வழியே ஸ்குரூஜும் தமிழ் பேசியிருக்கிறார்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. சிலியில் ஏரியல் டோர்ஃப்மனும் அர்மாண்ட் மட்டெலாரும் 1971-இல் தங்கள் நூலில் டொனால்ட் டக் கதைகளைப் பிரித்துக் காட்டினார்கள்: தூரதேசத்து மக்கள் அப்பாவிகளாக நிற்பார்கள், செல்வம் வாத்துகளின் கைக்குப் போகும். இந்தக் குற்றச்சாட்டு பெரும்பாலும் சரி. பழைய அமெரிக்கப் படக்கதைகளில் இனக் கேலியும் உண்டு. அதை மூடி மறைத்துப் பிள்ளைகளிடம் கொடுக்கச் சொல்லவில்லை. கடலோரத்தில் துறைமுகமும் அனல் மின் நிலையமும் எழுந்ததைப் பார்த்த மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு, புதையல் யாருக்குப் போகிறது என்ற கேள்வி தானாகவே எழும். பாடு முறையில் இன்று வலைபோடும் முறை யாருக்கு என்று கணக்குவைத்துப் பழகிய ஏரிக்கரை அது. ஓவியத்தை ரசித்துக்கொண்டே கதையோடு சண்டை போடவும் அவர்களால் முடியும்.

பார்க்ஸ் வரைந்துவந்த காலத்தில் அவர் பெயரை அந்தப் பக்கங்களில் அச்சிடவில்லை. எல்லாம் வால்ட் டிஸ்னி என்றே வந்தன. ஆனாலும் வாசகர்கள் கோட்டைப் பார்த்தே அவரைப் பிரித்தறிந்து, ‘நல்ல வாத்து ஓவியர்’ என்று அழைத்தார்கள். நம் சிறுவர் இதழ்களில் வரைந்தவர்களில் எத்தனை பேரை அப்படிக் கோட்டை வைத்தே நம்மால் சொல்ல முடியும்?