‘நான்’ என்பதும் நாடற்றவர் என்பதும்

‘நான் யார்?’ என்னும் வினா மெய்யியலின் மூத்த வினாக்களுள் ஒன்று. உபநிடத காலந்தொட்டு இருபதாம் நூற்றாண்டின் இருப்பியல்வாதம் வரை பெருஞ் சிந்தனை மரபுகள் பல இவ்வினாவைச் சுற்றியே எழுந்துள்ளன. பேராதனையின் விரிவுரை மண்டபங்களிலும் அது ஆண்டுதோறும் எழுப்பப்படுகின்றது. மாணவர் சார்த்தரைப் படிக்கின்றனர். தனிமை, அந்நியமாதல், வெறுமை ஆகிய சொற்கள் அவர்தம் கவிதைகளிலே மலிந்து காணப்படுகின்றன. தமிழ் விழாக்களில் எல்லா ஊரையும் தன்னூராகக் கொண்ட கணியன் பூங்குன்றனாரின் பாடல், புறநானூற்றின் 192ஆம் பாடல், தவறாது நினைவுகூரப்படுகின்றது.

ஆயின், அம்மண்டபங்களுக்கு அப்பால் உயர்ந்து நிற்கும் ஹந்தானை மலையிலும், அதனைச் சூழ்ந்த ஹேவாஹெட்ட, புசல்லாவை, நாவலப்பிட்டித் தோட்டங்களிலும் இதே வினா வேறொரு வடிவிற் கேட்கப்பட்டு வந்தது. அங்கே அதனைக் கேட்டவர் மெய்யியலாளர் அல்லர், அரசாங்க உத்தியோகத்தர். நீ யார், உன் தந்தை எங்கே பிறந்தார், அதற்குப் பத்திரம் உண்டா என்பனவே அவர் கேட்ட கேள்விகள். இவ்விரு வினாக்களும் வெவ்வேறானவை எனக் கருதி, முதலாவதை மண்டபத்துக்கும் இரண்டாவதைக் கச்சேரிக்கும் உரியதாக ஒதுக்கிவிடும் சிந்தனை எதுவாயினும், அது மானிடவாதம் என்னும் பெயருக்குத் தகுதியற்றது.

இதனை விளங்கிக்கொள்ளச் சார்த்தரிடமிருந்தே தொடங்கலாம். 1945 ஒக்டோபரிற் பாரிஸில் நிகழ்த்திய புகழ்பெற்ற சொற்பொழிவில், இருப்பியல்வாதமும் ஒரு மானிடவாதமே என அவர் வாதிட்டார். மனிதனுக்கு முன்னரே வகுத்துவைக்கப்பட்ட சாரம் எதுவும் இல்லை. அவன் முதலில் இருக்கின்றான், பின்னர் தன் தெரிவுகளாலும் செயல்களாலுமே தன்னை இன்னானென ஆக்கிக்கொள்கின்றான் என்பது அவர் கொள்கை. இச்சொற்பொழிவு நிகழ்ந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் இலங்கையில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம் இக்கொள்கையைத் தலைகீழாக்கியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, இந்நாட்டிற் பிறந்தமை ஒருவரைப் பிரசையாக்கப் போதுமானதாக இருக்கவில்லை. வம்சாவழிப் பிரசாவுரிமைக்கு அவருடைய தந்தையும் இந்நாட்டிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இந்நாட்டிற் பிறந்திருத்தல் வேண்டும். பிறப்புப் பதிவுகள் ஒழுங்காகப் பேணப்படாத தோட்டங்களில் வாழ்ந்தோரிடம் பாட்டனின் பிறப்புக்குச் சான்று கேட்கப்பட்டது. உழைப்பு, வாழ்வு, தெரிவு ஆகிய எதுவும் மனிதனை ஆக்கவில்லை. அவன் பிறப்பதற்கு முன்னரே, அவன் அறியாத ஓரிடத்தில் நிகழ்ந்த பிறப்பொன்றே அவன் சாரத்தை முடிவு செய்தது. தாய் எங்கே பிறந்தாள் என்பது அக்கணக்கிற் சேரவேயில்லை. இப்பாரபட்சம் நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வரை, அரை நூற்றாண்டுக்கு மேலாகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இச்சட்டம் செயலுக்கு வந்த நாள் 1948 நவம்பர் 15. சரியாக இருபத்தைந்து நாள்கள் கழிந்து, டிசம்பர் 10ஆம் திகதி, மனித உரிமைகளின் உலகப் பொதுப் பிரகடனத்தை ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்டது. அதன் 15ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் ஒரு தேசிய இனத்துவத்துக்கான உரிமை உண்டென்கின்றது. மனிதன் அனைத்துரிமைகளோடும் உலக அரங்கிற் பிரகடனம் செய்யப்பட்ட அதே பருவத்திலேதான், ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட தோட்ட மக்கள் இந்நாட்டில் உரிமையிழந்து நின்றனர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றிருந்தனர். நாவலப்பிட்டியில் வென்ற கே. இராஜலிங்கமும் தலவாக்கலையில் வென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் அவருள் அடங்குவர். வாக்குரிமையைப் பிரசைகளுக்கே உரியதாக்கிய 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தத்தின் பின், 1952இல் அக்காங்கிரசின் சார்பில் ஒருவர்தாமும் தெரிவாகவில்லை. அருவமான ‘மனிதன்’ முடிசூடிய வேளையில் உருவமுள்ள மனிதர் பெயர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டமை தற்செயலா என்பது ஆராயற்பாலது.

தற்செயலே என வாதிப்போர் உளர். சட்டம் எந்தச் சமூகத்தையும் பெயர் சுட்டவில்லை, அது எல்லோருக்கும் பொதுவானது, ஆதலின் அநீதி எங்கே என்று அவர் வினவுவர். இவ்வாதத்துக்கு நீதிமன்றத்தின் அங்கீகாரமும் கிட்டியது. கண்டிக்கு அண்மையிலுள்ள கேகாலை மாவட்டத்தின் ருவான்வெல்லைத் தொகுதியில் வாக்காளர் இடாப்பிற் பெயர் சேர்ப்பது தொடர்பாக எழுந்த கோடகன்பிள்ளை வழக்கு, 1951இல் உயர் நீதிமன்றத்தில் தோற்று, 1953இல் இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்திலும் தோற்றது. எச்சமூகத்துக்கும் பாரபட்சமான சட்டம் இயற்றலாகாதென விதித்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு அம்மக்களைக் காக்கவில்லை. இந்தியத் தமிழரின் இடம்பெயரும் இயல்பு பிரசைகளாகும் தகுதியோடு தொடர்புடையதோர் உண்மை என்றும், அவர்களை ஒரு சமூகமாகப் பாதிக்கும் விடயம் அன்று என்றும் அங்கே கருதப்பட்டது. அவ்வரசியலமைப்பின் ஆக்கத்தில் டி. எஸ். சேனநாயக்கவுக்கு ஆலோசகராக இருந்த சேர் ஐவர் ஜெனிங்ஸே இப்பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் என்பதும் மறத்தற்குரியதன்று.

பொதுமை என்பது எப்பொழுதும் நடுநிலைமை ஆகாது. பாட்டனும் பூட்டனும் பிறந்த ஊரிலேயே வாழ்ந்துவருபவனுக்கும், 1820களிற் கம்பளைக்கு அண்மையிலே ஜோர்ஜ் பேர்ட் தொடங்கிய கோப்பித் தோட்டத்துக்கும், 1867இல் ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட 19 ஏக்கர் தேயிலைக்கும் பின்னாலே திரட்டிக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றலுக்கும் ஒரே விதியை விதிப்பது சமத்துவமன்று. இடம்பெயர்த்தவனை விடுத்து இடம்பெயர்ந்தவனின் ‘இயல்பை’ விசாரிப்பது நீதியுமன்று. இங்கே சட்டத்தின் பிழையும் வெற்று மானிடவாதத்தின் பிழையும் ஒன்றாகவே இருக்கின்றன. இரண்டும் மனிதனை அவன் நிற்கும் நிலத்தினின்றும் வரலாற்றினின்றும் பிரித்தெடுத்துவிட்டு, எஞ்சிய நிழலுக்கு ‘மனிதன்’ என்று பெயரிடுகின்றன. மனிதகுலம் முழுவதையும் நேசிப்பதாகப் பறைசாற்றும் மானிடவாதியைச் சார்த்தர் 1938இல் வெளிவந்த தம் முதல் நாவலிலேயே எள்ளி நகையாடியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இனி, இரண்டாவதோர் ஆட்சேபம் உண்டு. பிரசாவுரிமையும் பத்திரமும் புறத்தே உள்ளவை, மெய்யான ‘நான்’ இவற்றால் தீண்டப்படாது அகத்தே உள்ளது, மெய்யியலின் அக்கறை அதுவே என்பது அவ்வாதம். கேட்பதற்கு இனிய வாதம் இது. வயிறு நிறைந்தவர்க்கு மேலும் இனியது. ஆயின் இம்மண்ணின் சிந்தனை மரபுகளே இதனை ஏற்கவில்லை. மெய்கண்டார் வழிவந்த சைவசித்தாந்தம் ஆன்மாவை எவற்றிலும் ஒட்டாத தனிப்பொருளாகக் கொள்வதில்லை. சார்ந்ததன் வண்ணமாதல் அதன் இயல்பு என்கின்றது. நிலையான ஆன்மா உண்டென்பதையே மறுக்கும் பௌத்தமோ எதுவும் தானாகத் தனித்து நிற்பதில்லை, ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றுகின்றது எனப் போதிக்கின்றது. பன்னிரு சார்பாக மணிமேகலை விரித்துரைக்கும் கோட்பாடும் அதுவே. ஆன்மா உண்டென்பாரும் இல்லையென்பாரும் ஒன்றுபடும் இவ்விடத்தில், சார்பற்ற ‘நான்’ என்னும் கற்பனைக்கு இடமேது?

தோட்ட வரலாறு இவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒழிக்கப்படும் வரை, தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்வதற்குத் ‘துண்டு’ வேண்டியிருந்தது. அவன் பட்ட கடனைக் குறித்த அக்காகிதமே அவன் யாரென்பதைப் புதிய துரைக்கும் கங்காணிக்கும் அறிவித்தது. அதன்பின் அவன் பெயர் செக்ரோலில் இருந்தது. காலையிற் பிரட்டுக்களத்திற் கூப்பிடப்பட்டது. அவனுக்கு வரும் கடிதமோ தோட்டத்தின் முகவரிக்கே வந்தது. உரிமை கேட்டு எழுந்த வேளையிலேதான் அவன் எண்ணாக அன்றி ஆளாகத் தோன்றினான். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டவின் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்கு இரையான கோவிந்தனின் பெயர் இன்றும் நினைவில் நிற்பதற்குக் காரணம் அதுவே. 1973, 1974ஆம் ஆண்டுகளிற் பட்டினி தோட்டங்களை வாட்டியபோது கண்டி நகரின் வீதிகளிலே தோட்ட மக்கள் கையேந்தி நின்றனர். வெறுமை என்னும் சொல்லுக்கு அக்காலத்தில் மிகக் கொடிய பொருள் ஒன்று இருந்தது. அது இருப்பியல்வாத நூல்களிற் காணப்படுவதன்று.

அகத்துள் ஒளிந்துகொள்ளும் மெய்யியலுக்கு ஹன்னா ஆரெண்டின் வாழ்வும் விடையிறுக்கின்றது. 1933இல் ஜெர்மனியை விட்டோடிய அவர் 1951இல் அமெரிக்கப் பிரசையாகும் வரை நாடற்றவராக இருந்தார். அதே ஆண்டில் வெளியான தம் பெருநூலில், எந்த அரசுக்கும் உரியரல்லாது வெறும் மனிதராக மட்டும் எஞ்சியவர்களை மனித உரிமைகள் காப்பாற்றவில்லை என அவர் நிறுவினார். மானிடம் ஒன்றே போதும் என்ற நம்பிக்கை, மானிடத்தைத் தவிர வேறெதுவும் இல்லாதவனிடத்திலேயே தோற்றுப்போனது. ஹேவாஹெட்டவில் வாழ்ந்தோருக்கு இது புதிய செய்தியன்று.

மூன்றாவது ஆட்சேபம் இடதுசாரிச் சிந்தனையிலிருந்து எழுகின்றது. தன்னிலை பற்றிய ஆராய்ச்சி நடுத்தர வர்க்கத்தின் ஆடம்பரம், வர்க்கம் விடுதலை பெறின் தனிமனிதனும் விடுதலை பெறுவான் என்பது அதன் சாரம். இவ்வாதத்திற் பாதி உண்மை உண்டு, மறுபாதி ஆபத்தானது. 1948இல் இடதுசாரிக் கட்சிகள் பாராளுமன்றத்திற் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்தன. அது அவற்றின் பெருமை. ஆயின் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது லங்கா சமசமாஜக் கட்சி அவ்வரசாங்கத்திற் பங்காளியாக இருந்தது. 975,000 மனிதர் ஒரு தொகையாகக் கொள்ளப்பட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பகுக்கப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அவர்களுள் எவரிடமும் ஒப்பந்தத்துக்கு முன்னர் விருப்பம் கேட்கப்படவில்லை. மனிதனை வர்க்கத்தின் ஓர் அலகாக மாத்திரம் காணப் பழகிய கண், அவனை ஒப்பந்தத்தின் ஓர் அலகாகவும் கண்டு பொறுத்துக்கொண்டது. தமிழ்த் தலைமைகளும் குற்றத்தினின்று நீங்கியவை அல்ல. மலையக மக்களின் உரிமை பறிபோன வேளையில் அமைச்சரவையில் அமர்ந்திருந்தோரும் அவற்றுள் உளர். தமிழ்க் காங்கிரஸ் பிளவுண்டு 1949இல் தமிழரசுக் கட்சி தோன்றியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒப்பந்தத்தின் பின் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகத்திலே கடவுச்சீட்டுப் பெற்று, தலைமன்னாரிற் கப்பலேறிச் சென்றவர் பலர். நீலகிரியில் 1968இல் அவர்களுக்கெனத் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களில் அவர்கள் மீண்டும் கொழுந்து கிள்ளினர். இங்கே ‘இந்தியாக்காரர்’ என்றும் ‘கள்ளத்தோணி’ என்றும் பழிக்கப்பட்டவர் அங்கே ‘சிலோன்காரர்’ ஆயினர். பிறர் பார்வை ஒருவனைப் பொருளாக உறைய வைக்கின்றது எனச் சார்த்தர் கூறியதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

எனினும் மெய்யான இருப்பியல் எங்கே வாழ்கின்றது என்பதையும் இதே வரலாறு காட்டுகின்றது. பிறர் இட்ட பெயர்களை ஒதுக்கி, தம்மை ‘மலையகத் தமிழர்’ என அம்மக்களே அழைத்துக்கொண்டனர். வந்த இடத்தாலன்றி வாழும் இடத்தாலும், குருதியாலன்றி உழைப்பாலும் தம்மை வரையறுத்த செயல் அது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு வரை அரசு அவர்களை ‘இந்தியத் தமிழர்’ என்றே கணக்கிட்டது. அவர்களோ 2023இல் தம் வரவின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் வந்த வழியே நடந்தனர். சாரம் முன்னே வகுக்கப்பட்டதன்று, மனிதராலேயே ஆக்கப்படுவது என்னும் கொள்கையை விரிவுரை மண்டபம் விளக்கியது; மலையகம் வாழ்ந்து காட்டியது.

1988ஆம் ஆண்டின் சட்டத்தினாலும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினாலும் நாடற்றமை தீர்ந்துவிட்டது, இனியும் ஏன் பழங்கதை என்பாரும் உளர். பிரசாவுரிமை கிடைத்தது உண்மை. அது போராடிப் பெற்றதேயன்றிக் கொடையன்று. ஆயின் லயன்களில் வாழ்வோருட் பலருக்குத் தாம் குடியிருக்கும் அறைக்கு இன்றும் உறுதி இல்லை. தம் வாசலுக்கென ஒரு முகவரியும் இல்லை. ஹந்தானையிலே கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்று 2001இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்கள் அங்கே துடைத்துப் பேணப்படுகின்றன. பேணப்பட வேண்டியவையே. ஆனால் இயந்திரத்துக்கு நிலையான இடம் கிடைத்த மலையில், அதனை இயக்கியவரின் பேரப்பிள்ளைக்கு அவ்வாறானதோர் இடம் கிடைக்கவில்லையெனின், அங்கே மனிதனைப் பற்றிய எந்தத் தத்துவமும் முற்றுப்பெற்றதாகாது.

மானிடவாதத்தின் அளவுகோல் அது மேற்கோள் காட்டும் ஆசிரியர்களின் தொகையன்று. எல்லா ஊரும் தம் ஊரே எனப் பாடுவோர், ஓர் ஊரேனும் தம் ஊரென்று சொல்ல உரிமையற்றிருந்தவர்களின் பக்கத்தில் நின்றனரா என்பதே அதன் அளவுகோல். ‘நான் யார்’ எனத் தன்னை நோக்கிக் கேட்போன், ‘நீ யார்’ என அதிகாரம் பிறனை நோக்கிக் கேட்கும்போது வாளாவிருப்பானாயின், தன் வினாவுக்கான விடையையும் இழந்தவனாகின்றான்.