யார் வீட்டு வாசலில் இருந்து அளக்கிறீர்கள்?

பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக்குச் சிறப்புப் பேருந்துகளும் சிறப்பு ரயில்களும் விடப்படுகின்றன. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை வழியாக, லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். ஓர் இரவு வந்து போகும் பக்தர் எங்கே இறங்குவார், எங்கே வண்டியை நிறுத்துவார் என்று அரசு கணக்குப் போடுகிறது. போடட்டும். இதே மாவட்டத்தின் காலனிகளில் இருந்து தினமும் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களின் கணக்கை யார் போடுவது?

நில, போக்குவரத்துத் திட்டமிடலில் 'அணுகல்' என்றோர் அளவுகோல் உண்டு. சாலையின் நீளத்தையோ வண்டியின் வேகத்தையோ அல்ல, ஒருவர் தன் வீட்டிலிருந்து எத்தனை வேலைகளை, பள்ளிகளை, மருத்துவமனைகளை எட்ட முடியும் என்பதையே அது அளக்கிறது. 1959இல் அமெரிக்காவில் வால்டர் ஹான்சன் இதற்கொரு சூத்திரம் தந்தார். நல்ல கேள்விதான். நம் நாட்டில் அதை யார் வீட்டு வாசலில் நின்று கேட்கிறோம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராம விவரங்களைப் பாருங்கள். பேருந்து உண்டா? இல்லையென்றால் 5 கிலோமீட்டருக்குள் கிடைக்குமா, 5 முதல் 10க்குள்ளா, அதற்கும் மேலா? ஒரு கிராமத்துக்கு ஒரே விடை. ஊர்த்தெருவில் பேருந்து நின்றால் கிராமத்துக்கே 'உண்டு'. வயலைத் தாண்டியிருக்கும் காலனி அந்த 'உண்டு'க்குள் காணாமல் போகிறது. ஊர் வேறு, சேரி வேறு என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அட்டவணைக்கு மட்டும் தெரியாது.

காலனியில் இருந்து தூரத்தை அளந்தாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்போம். மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 1989இல் எழுப்பிய சுவர் தலித் மக்களைச் சுற்றிப் போக வைத்தது. அதில் ஒரு பகுதியை அரசு இடித்தது 2008 மே 6 அன்றுதான். சுவரையாவது வரைபடத்தில் குறித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத தடையை? தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரின் முத்துமாரியம்மன் கோயில் அறநிலையத் துறையின் கோயில். சொந்த ஊரில் இருந்த அந்தக் கோயிலுக்குள் தலித் மக்கள் 2023 ஜனவரி 30 அன்று போலீஸ் பாதுகாப்போடுதான் நுழைய முடிந்தது. அதற்கு ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆயின. அவர்களைத் தடுத்தது தூரமா, சாதியா?

சாதியைச் சேர்த்தால் கணக்கில் அரசியல் வந்துவிடும் என்கிறார்கள் வல்லுநர்கள். சாதியை விட்டுவிட்டு அளப்பதுதான் அரசியல். எந்தத் தெருவிலும் தடையின்றி நடக்கும் ஆதிக்க சாதிக்காரரின் கால்களைக் கொண்டு எல்லோருடைய தூரத்தையும் அளக்கும் அரசியல் அது.

காலனியின் கடைசி வீட்டில் இருந்து அளவெடுங்கள். ஊருக்கும் காலனிக்கும் தனித்தனியாக வெளியிடுங்கள். பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, கோயில், சுடுகாட்டுப் பாதை இருக்கின்றனவா என்று மட்டும் கேட்காதீர்கள். அங்கே யார் போக முடிகிறது, யார் தடுக்கப்படுகிறார் என்று காலனி மக்களிடமே கேட்டு எழுதுங்கள். அந்தப் பதிவு இல்லாத எந்தத் திட்ட அறிக்கையையும் கிராம சபையில் எழுந்து நின்று மறுப்போம்.