நடுவழியில் நிற்காது என்ற உறுதியை யார் தருவது?

மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்கள் எல்லோரிடமும் ஒரு கேள்வி இருக்கிறது: ‘நடுவழியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது?’ பிள்ளைகளோடும் வயதான பெற்றோரோடும் சென்னையிலிருந்து மதுரைக்குச் சுமார் 460 கி.மீ. ஓட்டிச் செல்ல வேண்டியவருக்கு இந்த அச்சம் நியாயமானது. இதற்குப் பெரிய பேட்டரி மட்டும் மருந்தாகாது. பேட்டரி பெரிதாகப் பெரிதாக விலையும் எடையும் ஏறும். வாங்குபவருக்குத் தேவை, நம்பத்தகுந்த கிலோமீட்டர் கணக்கு, வீட்டில் ஒரு பிளக், நெடுஞ்சாலையில் வேலை செய்யும் சார்ஜர் ஆகிய மூன்றும்தான்.

விளம்பரக் கணக்கும் சாலைக் கணக்கும்

இந்தியாவில் ஒரு முழு சார்ஜில் கார் எவ்வளவு தூரம் ஓடும் என்பதை ஆய்வுக்கூடத்தில் அளக்கிறார்கள். அந்தச் சோதனையில் வேகம் மணிக்கு 90 கி.மீ.யைத் தாண்டாது, ஏசியும் ஓடாது. மே மாத வெயிலில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு திருச்சி சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போகும் காருக்கு அந்த எண் எப்படிப் பொருந்தும்? டாடா நெக்ஸான் மின்சாரக் காரின் 45 யூனிட் பேட்டரி மாடலுக்குச் சோதனைக் கணக்கு 489 கி.மீ. அதே நிறுவனம், பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு நடைமுறையில் கிடைக்கக்கூடியது என்று சொல்லும் தூரம் 350 முதல் 375 கி.மீ. இப்படி இரண்டையும் சொல்வது நல்ல தொடக்கம். எல்லா நிறுவனங்களும், ஏசியுடன் நெடுஞ்சாலையில் கிடைக்கும் தூரத்தை ஒரே முறையில் அளந்து விளம்பரத்தில் அச்சிட வேண்டும் என்று அரசு கட்டாயமாக்க வேண்டும்.

வீட்டு பிளக் போதும்

அன்றாட ஓட்டத்துக்குப் பொது சார்ஜரே தேவைப்படாது. சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் இரவு எட்டு மணி நேரம் செருகி வைத்தால் சுமார் 20 யூனிட் ஏறும். நகரத்துக்குள் 120 கி.மீ.க்குக் குறையாமல் ஓட்டலாம். தாம்பரத்திலிருந்து அண்ணா சாலைக்கு வேலைக்குப் போய்த் திரும்புபவருக்கு அது இரண்டு நாள் ஓட்டம்.

தனி வீட்டுக்காரருக்கு இது எளிது. அடுக்குமாடிவாசிக்கோ, குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி கிடைத்தால்தான் பிளக். கார் நிறுத்துமிடங்களில் 20 சதவீதத்துக்கு சார்ஜிங் வசதி வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள் 2019இலேயே திருத்தப்பட்டன. புதிய கட்டடங்களோடு இது நின்றுவிடக் கூடாது. பழைய குடியிருப்பில் இருப்பவரும் தன் செலவில், தன் மீட்டரிலிருந்து பாதுகாப்பாக இணைப்பு எடுத்துக்கொள்ளும் உரிமை சட்டமாக வேண்டும்.

பெயர்ப்பலகை சார்ஜ் ஏற்றாது

நெடுஞ்சாலையில்தான் உண்மையான சிக்கல். 25 கி.மீ.க்கு ஒரு சார்ஜிங் நிலையம், நீண்ட தூரப் பயணத்துக்காக 100 கி.மீ.க்கு ஓர் அதிவேக சார்ஜர் என்று மத்திய மின்துறை வழிகாட்டுதல் வகுத்தது. எண்ணெய் நிறுவனங்களின் பங்க்குகளில் 7,432 சார்ஜர்கள் அமைக்க 2023இல் 800 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆனால், எத்தனை நிறுவினோம் என்ற கணக்கு ஓட்டுநருக்கு உதவாது. 15 சதவீத சார்ஜோடு வந்து நிற்பவரின் முன்னால் திரை அணைந்து கிடக்கும். அல்லது சார்ஜர் முன் பெட்ரோல் கார் நிற்கும். எல்லாம் சரியாக இருந்தாலும், அந்த நிறுவனத்தின் ஆப்பை இறக்கி, ஓடிபி வாங்கி, வாலட்டில் முன்பணம் போட வேண்டும். சிக்னல் இல்லாவிட்டால் அதுவும் நடக்காது.

பிரிட்டனில் அதிவேக சார்ஜர் நிறுவனங்கள், ஆண்டு சராசரியில் 99 சதவீத நேரம் தங்கள் சார்ஜர்கள் இயங்குவதை உறுதிசெய்ய வேண்டும்; தவறினால் அபராதம். 24 மணி நேர இலவச உதவி எண்ணும் கட்டாயம். இங்கும் மானியத்தை, சார்ஜர் நிறுவிய நாளோடு முடித்துவிடாமல், அது இயங்கும் நேரத்தோடு கட்டிப்போட வேண்டும். டீக்கடைவரை வந்துவிட்ட யுபிஐ, எல்லா சார்ஜரிலும் ஆப் இல்லாமலே வேலை செய்ய வேண்டும். ஒவ்வோர் இடத்திலும், காரில் செருகும் சார்ஜிங் கன்கள் குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும்.

60 கிலோவாட் சார்ஜர் சரியாக இயங்கினால், நெக்ஸான் போன்ற கார் 10 சதவீதத்திலிருந்து 80க்கு ஏற முக்கால் மணி நேரம் போதும். உளுந்தூர்பேட்டையில் ஒரு டிபன், திருச்சியில் ஒரு காபி என்று இருமுறை நிறுத்தினால் மதுரை வந்துவிடும்.

வாங்குபவர்களும் தங்கள் ஒரு மாத ஓட்டத்தைக் குறித்துவைத்து, விளம்பரத் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கணக்கில் வைத்து முடிவெடுப்பது நல்லது. மிச்சப் பொறுப்பு அரசினுடையது. ஒவ்வொரு நெடுஞ்சாலை சார்ஜரும் மாதத்தில் எத்தனை மணி நேரம் இயங்கியது என்ற விவரத்தைப் பொதுவெளியில் வெளியிடுவதிலிருந்து அது தொடங்கட்டும்.