உடைந்தது டப்பா மட்டும்தானே... ரேடியோவை ஏன் தூக்கிப் போடணும்?

தேவாரம், போடி, கம்பம் பக்கமிருந்து விடியுமுன்பே ஜீப் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். இப்படிப் போகிறவரின் பையில் இருக்கிற டார்ச்சோ ரேடியோவோ கீழே விழுந்தால் முதலில் போவது சர்க்யூட் இல்லை. ஸ்குரூ பிடிக்கும் மூலை, பேட்டரி மூடி, பின்பக்க உறை, இவைதான். உள்ளே போர்டும் ஸ்பீக்கரும் நல்லாத்தான் இருக்கும். ஆனாலும் "புதுசு வாங்கிக்கோங்க" என்ற பதில்தான் கடையில் கிடைக்கும். உறை மட்டும் தனியாக விற்பதில்லை.

அதற்காக ஒன்றும் முடங்கிவிட வேண்டாம். பிளாஸ்டிக் சோப்பு டப்பா, பழைய டிபன் பாக்ஸ், வயரிங்குக்கு வாங்கும் பிவிசி பெட்டி எதுவும் போதும். ஸ்பீக்கர் எதிரே சிறு துளைகள், சுவிட்சுக்கு ஒன்று, ஆண்டெனாவுக்கு ஒன்று. போர்டு டப்பாவின் தரையில் ஒட்டாமல் நிற்க, காலியான பால்பாயின்ட் பேனாவின் குழாயைத் துண்டு போட்டுத் தாங்கியாக வைக்கலாம். பழைய உறையோடு பேட்டரி ஸ்பிரிங்கும் போயிருக்கும். தனி ஹோல்டர் வாங்கி, பிளஸ் மைனஸ் மாறாமல் பற்றவைக்க வேண்டும். பார்க்க அழகா இருக்காதுதான். பாடும்.

தகர டப்பா உறுதியானது என்று அதைத் தேடுபவர்கள் கொஞ்சம் நிதானிக்கணும். உலோகம் ரேடியோ அலையை மறைக்கும். ஏ.எம். அலையைப் பிடிக்கிற ஃபெரைட் கம்பி தகரத்துக்குள் போனால் நிலையம் கிடைக்காது. புளூடூத் ஸ்பீக்கருக்கும் இதே கதைதான். எஃப்.எம். ஆண்டெனா வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கோடை பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 75 செ.மீ. வயர் இருந்தால் உடைந்த ஆண்டெனாவுக்குப் பதிலாகவே நிற்கும்.

எல்லாவற்றுக்கும் இந்தக் கைவேலை ஆகாது. நேரடியாக 230 வோல்ட்டில் ஓடும் சார்ஜருக்கு வீட்டு டப்பா போடவே கூடாது. பவர் பேங்கில் இருக்கும் லித்தியம் பேட்டரி உப்பக்கூடியது. இறுக்கி அடைத்தாலோ ஸ்குரூ முனை குத்தினாலோ தீப்பிடிக்கும். ஏற்கெனவே உப்பியிருந்தால் உறையை மறந்துவிட்டு மின்கழிவு சேகரிப்பில் கொடுத்துவிட வேண்டியதுதான். 3டி பிரின்டரில் உறை அடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகும். சித்திரை வெயிலில் பூட்டிய காரின் டாஷ்போர்டில் வைத்தால் வளைந்துவிடும்.

'பாதுகாப்பு' என்று கம்பெனிகள் சொல்லும் காரணம் லித்தியம் விஷயத்தில் சரி. இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும் ரேடியோவுக்கும் அதையே சொன்னால் எப்படி? உறை வார்க்கும் அச்சுக்குத்தான் பெருஞ்செலவு. அது ஏற்கெனவே செய்தாகிவிட்டது. கூடுதலாகக் கொஞ்சம் வார்த்து விற்பதில் என்ன கஷ்டம்? அதுவும் முடியாதென்றால், அளவுகளையாவது இணையத்தில் போடலாம்.

பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது; அதே டிசம்பரில் இணையதளமும் வந்தது. விவசாயக் கருவிகள், செல்போன் மற்றும் மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகள். எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று பொருளுக்கு மதிப்பெண் தரும் திட்டம் பிரான்சில் 2021 ஜனவரியிலேயே நடைமுறைக்கு வந்தது. இங்கே அதற்கான குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அதிலும் பேச்சு ஸ்மார்ட்போனைச் சுற்றித்தான். சில நூறு ரூபாய் ரேடியோவும் டார்ச்சும் அந்தப் பட்டியலில் எப்போது ஏறும்? போன் உடைந்தால் தேனியிலோ மதுரையிலோ சர்வீஸ் சென்டர் இருக்கிறது. கம்பெனி பெயரே அச்சிடாத டார்ச்சுக்கு, யாரிடம் போய்க் கேட்பது?