கண்ணாடித் தொட்டிக்கும் கூட்டு மீன் வளர்ப்பு முறை உண்டு

பண்ணைக் குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் சேர்த்து விடுவது ஏன் என்று விவசாயிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்லா மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுநீரில் இரை தேடும். மிர்கால் அடிமட்டத்தில் மேயும். ஒன்றின் இரைக்கு மற்றொன்று அதிகம் போட்டிக்கு வராததால் குட்டையின் தண்ணீர் முழுவதும் பயன்படுகிறது. ஆனால் அதே விவசாயி சிமெண்டுத் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்க்கத் தொடங்கியதும் இந்தப் பாடத்தை மறந்துவிடுகிறார். வியாபாரி கேட்கும் நிறத்தைப் பிடித்துக் கொடுக்கிறார். கடையில் வாங்குகிறவரோ சிவப்பில் இரண்டு, கறுப்பில் இரண்டு, பட்டை போட்டதில் இரண்டு என்று வாங்கி, எல்லாவற்றையும் ஒரே கண்ணாடித் தொட்டியில் விடுகிறார். சில வாரங்களில் பாதி மீன் செத்து மிதக்கிறது. தொட்டி பரணுக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு அவர் மீன் வாங்கப் போவதில்லை. அந்த நஷ்டம் கடைசியில் வந்து சேருவது வளர்ப்பவரிடம்தான்.

வண்ண மீனை நிறம் பார்த்து உதிரியாக விற்பதை விட்டு, ஒத்துப்போகும் கூட்டாக விற்பதே வளர்ப்பவருக்கு நிலையான வழி. அதற்கு அவர் தம் வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, அந்தக் கூட்டை ஆறு மாதமாவது நடத்திப் பார்த்திருக்க வேண்டும். விதையைத் தம் வயலில் போட்டுப் பாராமல் அடுத்தவருக்குச் சிபாரிசு செய்யும் விவசாயி உண்டா?

முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். பல ஊர்களில் கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் கடினமானவை, காரத்தன்மை உடையவை. சோப்பு சரியாக நுரைக்காது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். மீன் வளர்க்க இந்தத் தண்ணீர் ஆகாது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறு. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய குட்டி போடும் மீன்களுக்கு இந்தத் தண்ணீரே ஏற்றது. மோலி உவர்நீரையும் தாங்கும். மாறாக, அமேசான் ஆற்றுப் பகுதியிலிருந்து வந்த நியான் டெட்ராவுக்கு மெதுநீர் வேண்டும். கடின நீரில் அதன் முட்டை பொரிப்பது அரிது. ஒரு தண்ணீருக்குப் பொருந்தாத இரு இனங்களைச் சேர்த்து வைத்தால் இரண்டில் ஒன்று நலிந்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்தது குணம். டைகர் பார்ப் என்னும் பட்டைக் கெண்டை, நீண்ட துடுப்பு உள்ள மீனைக் கண்டால் கடித்துக் குதறிவிடும். அதை இரண்டு மூன்றாக விடுவதுதான் பெரிய ஆபத்து. ஆறுக்கு மேல் கூட்டமாக விட்டால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொண்டு மற்றவற்றை ஓரளவு விட்டுவிடும். ஃபைட்டர் மீனில் இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விடவே கூடாது. அகன்ற வாலுள்ள ஆண் கப்பியைக் கூட அது தன் இனத்து எதிரியாக நினைத்துத் தாக்குவது உண்டு. ஏஞ்சல் மீன் குஞ்சாக இருக்கும்போது சாதுவாகத் தெரியும். வளர்ந்ததும் சிறு மீன்களை விழுங்கும். பொதுவாக, வாய்க்குள் அடங்கும் எதையும் மீன் இரையாகவே பார்க்கும் என்று எண்ணிக்கொண்டால் தவறு நேராது. தங்கமீனைச் சிறு மீன்களோடு சேர்ப்பது இன்னொரு வழக்கமான பிழை. அது கெண்டைச் சாதி, பெரிதாக வளரும், நிறையத் தின்று நிறையக் கழிக்கும். அதற்குத் தனித் தொட்டியே வேண்டும்.

இந்தக் கழிவு விஷயத்தை விவசாயி எளிதில் புரிந்துகொள்வார். யூரியாவிலிருந்து வரும் அம்மோனியாவை மண்ணில் உள்ள நுண்ணுயிரிகள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன அல்லவா? மீன் தொட்டியின் மணலிலும் வடிகட்டியிலும் நடப்பது அதே வேலைதான். புதுத் தொட்டியில் அந்த நுண்ணுயிரிகள் போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் தொட்டியை மீனால் நிரப்பினால் அம்மோனியா தேங்கி மீன் சாகும். காரத்தன்மை மிகுந்த தண்ணீரில் இந்த நஞ்சு இன்னும் கடுமை. கார அமில நிலை 7இலிருந்து 8க்கு ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய 10 மடங்காகிறது. ஆகவே முதலில் நாலைந்து மீன் மட்டும் விட்டு, தீனியைக் குறைத்துப் போட்டு, வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றி வர வேண்டும். குழாய் நீரானால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். இது தெரியாமல் "கடைக்காரர் நோய் மீனைக் கொடுத்துவிட்டார்" என்று பழி சொல்பவர்களே அதிகம்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். இதற்கு 14 சிறு மீன் போதும். மேலும் நடுவிலும் ஓடித் திரிய வரிக்குதிரை மீன் 6; நடுநீருக்கு பிளாட்டி ஆண் 1, பெண் 3; அடியில் அயிரை 4. ஆண் பிளாட்டி அதிகமானால் பெண்ணை ஓயாமல் துரத்தி மெலியச் செய்துவிடும். வரிக்குதிரை மீன் வட இந்தியாவின் ஓடைகளிலும் நெல் வயல்களிலும் வாழும் நம் நாட்டு மீன். துள்ளி வெளியே விழும் என்பதால் தொட்டிக்கு மூடி அவசியம். இந்தக் கூட்டில் பிளாட்டி போடும் குட்டிகளில் பெரும்பகுதியை மற்ற மீன்கள் தின்றுவிடும். விற்பனைக்குக் குட்டி வேண்டுமானால் சினை பெருத்த தாயை முன்கூட்டியே தனியாகப் பிரித்து வைக்க வேண்டும்.

அயிரையைக் குழம்புக்கு மட்டுமே உரியது என்று நினைப்பது அதற்குச் செய்யும் அநியாயம். மெல்லிய ஆற்று மணல் போட்டால் அதில் புதைந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் அழகை வெளிநாட்டு மீன் எதுவும் காட்டாது. அடியில் விழும் தீனியையும் புழுவையும் பொறுக்கித் தின்னும். கூர்மையான சரளைக்கல் மட்டும் கூடாது. வாய்க்காலில் மேலோட்டமாக நீந்தும், நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்த சிறு மீனும் தொட்டிக்கு ஏற்றதே. கொசுப் புழுவை விரும்பித் தின்னும். ஆனால் கப்பிக் குட்டிகளையும் விடாது.

அடிமட்டத்துக்குக் கடைக்காரர்கள் வழக்கமாகக் கொடுப்பது "டேங்க் கிளீனர்" என்னும் தென் அமெரிக்கக் கெளுத்தியை. விரல் நீளத்தில் வாங்கும் அது ஓர் அடிக்கு மேல் வளரும். பாசியைச் சுரண்டுமே தவிர மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. அதன் கழிவும் சேர்ந்து தண்ணீர் இன்னும் கெடும். தொட்டி போதாமல் போனதும் இரக்கப்பட்டு ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடுகிறார்கள். தமிழகம், கேரளம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் நீர்நிலைகளில் இந்த மீன் ஏற்கெனவே பெருகிவிட்டது. கரையில் குழி பறித்து முட்டையிடும். முள் நிறைந்த அதன் உடம்பு வலையைக் கிழிக்கும். சந்தையில் விலை போகாது. ஏரி மீன் குத்தகையை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இது வீட்டுத் தொட்டியிலிருந்து வந்த கேடு. வண்ண மீன் வளர்ப்பவர்கள் இதை வளர்க்கவும் விற்கவும் மறுக்க வேண்டும். வேண்டாத மீனை, அது எந்த இனமானாலும், விற்றவரே திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கம் வர வேண்டும்.

விவசாய வீடுகளுக்கு மட்டும் உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். மருந்து அடித்த அன்று கை கால் கழுவிக் குளித்து உடை மாற்றாமல் தொட்டியைத் தொடக் கூடாது. மருந்து கலக்கிய வாளியை எத்தனை முறை கழுவினாலும் மீன் தண்ணீருக்குப் பயன்படுத்தக் கூடாது. அறையில் கொசுவை விரட்ட வைக்கும் திரவ மருந்துகள் பலவும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவையே.